கட்டிலுக்கடியில்

கணவனைப் பிரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்த எஸ்தர், தன் பூனையை ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். அது புது இடத்துக்குப் பழகும்வரை யாரும் திறக்க வேண்டாமென்று கெஞ்சிக் கேட்டிருந்தாள். அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "பாவம், அடைச்சு வச்சா மூச்சு முட்டாதா?" என்று திறந்து திறந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பூனை கட்டிலுக்கடியில் இன்னும் உள்ளே ஒடுங்கியது. வைத்த மீனைத் தொடவில்லை.

"திறக்காதீங்கன்னா கேக்கவே மாட்டீங்களா அண்ணி?" என்று எஸ்தர் கத்திவிட்டாள்.

"எங்க வீட்டுக் கதவைத் திறக்க உங்கிட்ட கேக்கணுமா?"

எஸ்தர் பூனை இருந்த அறைக்குள் போய்த் தாழிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். வெகுநேரம் கழித்துப் பூனை மெல்ல வெளியே வந்து, அவள் மடியில் ஏறிச் சுருண்டது.

அண்ணன் கதவைத் தட்டினான். "எஸ்தரு, சாப்பிட வாம்மா."

பூனையின் உடம்பு விறைத்தது. எஸ்தர் அதன் முதுகில் கையை வைத்தாள். எழுந்து தாழைத் திறக்கவில்லை.