பஞ்சவர்ணத்தின் கழுத்துப் பட்டை

ஊட்டி ஏரிக்கரையில் நான் சவாரிக்கு விடும் குதிரை பஞ்சவர்ணம் மெலிந்துகொண்டே வந்தது. ரத்தப் பரிசோதனையில், பயத்திலும் ஏறக்கூடிய ஹார்மோன் ஒன்று எகிறியிருந்தது. சுரப்பிக் கோளாறுதானா என்று உறுதி செய்ய, நாளெல்லாம் அதை அளக்கும் பட்டை ஒன்றை டாக்டர் ஜெபசீலி அதன் கழுத்தில் ஒட்டினார். ஒரு வாரம் கழித்து வந்து, செல்போனில் வரைபடத்தைக் காட்டினார்.

"நோயா இருந்தா நாளெல்லாம் ஏறியே கிடக்கணுங்கண்ணா. இது காலையில அஞ்சரைக்கு எகிறுது, எட்டு மணிக்கு எறங்கிருது. செவ்வாக்கிழமை மட்டும் ஏறவே இல்லை. அன்னைக்கு என்னங்க?"

தினமும் அஞ்சரைக்குத் தீனி வைத்துக் கடிவாளம் மாட்டுவது நான்தான். செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல். பக்கத்து லாயக்காரர்தான் தீனி வைத்தார்.

"மொதல்ல ரத்தம் எடுத்தப்போ குதிரையை யாரு பிடிச்சிருந்தது?"

"நான்தாங்க."

கடிவாளம் மாட்ட வாயைத் திறக்காவிட்டால் வாரால் முகத்தில் ஒன்று வைப்பேன். ஏரிக்கரையில் எல்லாரும் செய்வதுதானே என்று இருந்துவிட்டேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "மருந்து வேண்டாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி பிலோமினாவுக்கும் சுரப்பிக் கோளாறா என்று பார்க்க சுகாதார நிலையத்தில் அதே மாதிரிப் பட்டையைக் கையில் கட்டியிருக்கிறார்கள். இத்தனை நாளில் அதை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இன்று வாசல் ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஹார்மோன் ஏறினால் சிவக்கும் விளக்கு பட்டையில் பச்சையாக எரிந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றினேன். சத்தம் கேட்டு அவள் கை நின்றது. விளக்கு சிவந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் பின்வாங்கி நின்றேன். விளக்கு மறுபடி பச்சையாக வெகுநேரம் பிடித்தது.