மிருதுளாவின் ஏழு வயது

சேலையூர் வீட்டின் இரண்டாம் மாடிக் கூடத்தில் நாலு மணி வெயில் பாய் விரித்ததுபோல் கிடக்கிறது. அதன் நடுவில் உட்கார்ந்து வசுமதி பத்துப் பென்சில்களுக்கு ரிப்பன் கட்டுகிறாள். நாளை மிருதுளாவுக்கு ஏழு வயது. அரைக் கிலோ கேக், ரவா கேசரி, காலனிப் பிள்ளைகள் பத்துப் பேர். ஒருத்தி சம்பளத்தில் அவ்வளவுதான் முடியும். மிருதுளா கன்னம் உப்பப் பலூன் ஊதிக்கொண்டிருக்கிறாள். சோபா நுனியில் வசுமதியின் கொழுந்தன் ஷ்யாம்சுந்தர், புதுக் காரின் சாவியை விரலில் சுழற்றுகிறான்.

“அண்ணி, அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பல. அதுக்குள்ள பலூன், கேக்குன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?”

பலூனிலிருந்து காற்று மெல்ல இறங்குகிறது. குழந்தை அம்மாவின் முகத்தையே பார்க்கிறது. வசுமதியின் விரலில் ரிப்பன் இறுகி, நுனி வெளுக்கிறது.

“போன வாரம் குன்றத்தூர்ல காருக்குப் பூஜை போட்டீங்களே? துக்க வருஷத்துல மலைக்கோயிலுக்குப் போகலாமா?”

“மலை எங்க அண்ணி ஏறினேன்? அடிவாரத்துலயே எலுமிச்சம்பழம் வச்சு முடிச்சுட்டேன். ஆஃபர் முடியுதுன்னாங்க, தள்ளிப்போட முடியல.”

சாவி சுழன்றுகொண்டே இருக்கிறது. வசுமதி எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறக்கிறாள்.

“இவ வயசையும் தள்ளிப்போட முடியாது தம்பி. நாளைக்கு அஞ்சு மணிக்கு கேக் வெட்டறோம். உங்களுக்குத் தோஷம்னா மாடி ஏற வேணாம். கீழேயே நின்னு வாழ்த்திட்டுப் போங்க.”