சிட்டுவின் கால்விரல்

“போதும், தேய்க்காதளான்னு சொன்னேன்லா? இப்ப பாரு, ரோஸ் கலர் வந்துட்டு!”

முத்துச்செல்வம் பூனையின் முன்னங்காலைத் திருப்பிக் காட்டினான். மற்ற விரல்களின் அடியெல்லாம் கறுப்பு. ஓரத்து விரல் மட்டும் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. அவன் மனைவி பேச்சிச்செல்வி எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

“நான் என்ன செய்ய? பாதம் வறண்டு வெடிச்சிருக்கு, வெதுவெதுப்பான தண்ணியில துடைச்சு தேங்காய் எண்ணெய் தேய்ங்கன்னு டாக்டருதான சொன்னாரு? அழுக்கு போனா உள்ள ரோஸ் இருக்கும்னு யாரு கண்டா?”

வீட்டுச் சொந்தக்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி இருபது நாள் முன்பு ஒப்படைத்துவிட்டுப் போன பூனைக்கு எல்லா விரலும் கறுப்புத்தான். அது நாலாம் நாளே சுவரேறிப் போனது, போனதுதான். அண்ணாச்சியின் மனைவி முருகேஸ்வரிக்கோ பூனை என்றால் உயிர். மகள் பிரசவத்துக்காக மூன்று மாதமாகச் சென்னையில் இருந்தவளை அழைத்து வரத்தான் அண்ணாச்சி போயிருந்தார். தொலைத்தது தெரிந்தால் அப்புறம் இந்த மாடி வீட்டில் குடியிருந்த மாதிரிதான்!

அதே சாம்பல் நிறம், அதே கோடு என்று மீன்பிடித் துறைமுகத்தில் ஒன்றைப் பிடித்து வந்தான் முத்துச்செல்வம். தாரிலும் டீசலிலும் நடந்து அதன் பாதம் கன்னங்கரேலென்று காய்ந்து வெடித்திருந்தது. பதினைந்து நாளாகப் பேச்சிச்செல்வி அதை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்தாள். எண்ணெயை நக்கிவிடாமல் இருக்க ஒரு நெத்திலியும் கொடுத்தாள். பாதம் மெத்தென்று ஆனது. கூடவே இந்த வம்பும் வந்து சேர்ந்தது.

“கண்மையைத் தடவிருவோமா?”

“நக்கித் தொலைக்கும்! பூனைக்கு ஆகுமாளா?”

வாசலில் ஆட்டோ நின்றது. பூனையை அறையில் விட்டுவிட்டு இருவரும் கீழே ஓடினார்கள்.

அண்ணாச்சி முதலில் இறங்கினார். காலை நேரத்திலேயே முகம் வேர்த்திருந்தது. “முருகேஸ்வரி, ரயில்ல நீ சரியா ஒறங்கல. குளிச்சிட்டுப் படு. பூனைய நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”

“ஆமாக்கா, அதுவும் ஒறங்குது,” என்று பேச்சிச்செல்வி அவசரமாக ஒத்து ஊதினாள்.

“எம் பிள்ளையப் பாக்கதுக்கு நாள் கிழமையா?”

முருகேஸ்வரி விறுவிறுவென்று மாடியேறினாள். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள். பூனையை அள்ளியவள் நேராக அதன் முன்னங்காலைத் திருப்பினாள். பேச்சிச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்க என் ரோஸ் விரலு? இந்தா இருக்கு! அடி சிட்டு! ஏளா பேச்சி, பாதத்தை என்னமா வச்சிருக்க! என்கிட்ட இருந்தப்பகூட இவ்வளவு மெத்துன்னு இல்லளா!”

பூனை அவள் தோளில் ஏறிக் கன்னத்தில் முகத்தை உரசியது.

முத்துச்செல்வத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எப்படியோ தப்பித்தோம் என்று நகர்ந்தவனை அண்ணாச்சி கையைப் பிடித்துப் படியோரம் இழுத்துக்கொண்டு போனார்.

“ஏலே, இத எங்கனலே புடிச்ச? அவ சென்னைக்குப் போன மறுவாரமே சிட்டு தொலைஞ்சு போச்சு; உன்கிட்ட நான் விட்டுட்டுப் போனது மார்க்கெட்ல புடிச்ச வேற பூனைலே!”