முப்பத்தொரு வீடுகள்

ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் நடுவில் நின்ற பெரியவர், குனிந்து புல்லைத் தொட்டார். "இந்த வீட்டுக்கு நீலக் கதவும்மா" என்றார்.

பக்கத்தில் நின்ற எழுத்தருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. நகர்மன்றத்தின் வரலாற்றுப் பிரிவில் பதினாறு வருஷமாகக் குப்பை கொட்டுகிறாள். அவள் எழுதி மேலே அனுப்பியதெல்லாம் வேறொன்றாகத்தான் திரும்பி வந்திருக்கிறது.

பூங்காவின் நாற்பதாம் ஆண்டுக்குக் கல்வெட்டு வைக்கிறார்கள். 'ஆளில்லாத் தரிசு நிலத்தில் அமைந்த பூங்கா' என்று அதில் பொறிக்கப்போகிறார்கள். பழைய வரைபடம் ஒன்றில் இதே இடத்தில் முப்பத்தொரு சின்னக் கட்டங்களைக் கண்டதிலிருந்து, அந்த ஒரு வரி அவள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

பிரிவுத் தலைவர் பிடி கொடுக்கவில்லை. கட்டம் போட்டிருந்தால் வீடாகிவிடுமா, மாட்டுக் கொட்டகையாகக்கூட இருக்கலாமே என்றார். பிறகு போனால் போகிறதென்று ஒரு படிவத்தை நீட்டினார். அங்கே குடியிருந்த ஒரே ஒருவரின் கையெழுத்து வந்தால் போதும், வரியை மாற்றிவிடலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கல்தச்சர் உளியை எடுத்துவிடுவார் என்றார்.

மூன்று வாரம் தெருத் தெருவாக அலைந்தாள். இங்கிருந்து போனவர்கள் எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. வெள்ளிக்கிழமை மதியம்தான் பூங்காக் காவலாளி, நாள் தவறாமல் வந்து வெறும் புல்தரையையே பார்த்துக்கொண்டு நிற்கும் இந்தப் பெரியவரைக் காட்டினார்.

கேட்டதுதான் தாமதம், அவர் நடக்கத் தொடங்கிவிட்டார். மேற்குக் கோடி வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். எதற்குத் தகரக் கூரை, எதற்கு ஓடு, எந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு அணையாமல் இருந்தது, ஒன்றையும் விடவில்லை.

பதினேழாவது வீட்டில் அவர் நின்றுவிட்டார். "வாசக்கால் ஓரமா செவுத்துல, ஒரு பிள்ளையோட உயரத்தைக் கோடு கோடா கிழிச்சு வெச்சிருந்தாங்க. ஆறு கோடு."

உங்கள் பிள்ளையா என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துக் கேள்வியை விழுங்கிக்கொண்டாள்.

கடைசி வீடும் முடிந்தது. குடியிருந்தவர்களின் பெயர்களைக் கேட்டாள். பெயர் ஒன்றும் தெரியாது என்றார். நாற்பது வருஷம் ஆகிவிட்டது, இந்த வயதில் கதவின் நிறம் நினைவிருப்பதே பெரிய விஷயம் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மணி நாலே முக்கால். படிவத்தையும் பேனாவையும் நீட்டினாள். பெரியவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பேனாவை வாங்கினார், தாளின்மேல் கொண்டுபோனார். எல்லாவற்றையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதுல நான் போட முடியாதும்மா."

அவள் கெஞ்சினாள். பயப்பட ஒன்றுமில்லை, உங்களை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றாள். இந்த ஒரு கையெழுத்து இல்லாவிட்டால் முப்பத்தொரு குடும்பமும் இந்த மண்ணில் இருந்ததே இல்லை என்றாகிவிடும் என்றாள். பெரியவர் முடியாதென்று தலையை ஆட்டினார். அவர் கண்கள் நிறைந்திருந்தன.

கைப்பேசி ஒலித்தது. கல்தச்சர் வந்து காத்திருக்கிறார், கையெழுத்து என்னவாயிற்று என்று பிரிவுத் தலைவர் கேட்டார். அஞ்சே நிமிஷம் என்று சொல்லிவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, கையெழுத்துகூட வேணாம். இதுல உங்க வீடு எதுன்னாவது சொல்லுங்க. அதையாவது நான் எழுதிக்கிறேன்."

பெரியவர் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"எனக்கு இங்க வீடே இல்லம்மா. புல்டோசர் ஓட்டினவன் நான்."