பெரியவருக்குப் பூசணிக்காய்

"சைவத்துக்கு மாறினதும் என் மூட்டுவலி போன இடம் தெரியல. பெரியவருக்கும் அதே வலிதானே? இனிமே அவருக்கும் கறி கிடையாது," என்றார் முதலாளி.

"நேத்தே தட்டைத் தொடலைங்க. என்னையே முறைச்சுப் பாத்துக்கிட்டிருந்தாரு."

"வயசானா அடம்பிடிக்கத்தான் செய்வாங்க. பக்கத்துல உக்காந்து ஊட்டிவிடு."

"நான் பிள்ளைகுட்டிக்காரனுங்க. நீங்களும் கூட வாங்க," என்றேன்.

"இங்கேயேதான் நிப்பேன். பயப்படாம போ."

வேகவைத்த பூசணிக்காயோடு உள்ளே போனேன். பின்னால் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எங்கள் சர்க்கஸின் ஒரே சிங்கம், தட்டை முன்னங்காலால் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து வாயை நக்கிக்கொண்டது.

"பாத்தியா, பெரியவருக்குப் பசி வந்துடுச்சு," என்றார் முதலாளி, கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு.