காலி டம்ளர்

"ஏம்மா, தண்ணியிலயா கலக்குற?"

காலையில்தான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த மூத்தவள், சமையலறை வாசலில் நின்று கேட்டாள்.

தம்பி மனைவி திரும்பினாள். கையில் மூடி போட்ட டப்பா. உள்ளே, அப்பா இளைத்துப் போனார் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடரும் வெறும் தண்ணீரும்.

"ஆமா அண்ணி."

"ஏன், வீட்டுல பால் இல்லையா?"

இருந்தது. ஃப்ரிட்ஜில் கெட்டிப் பால் இரண்டு பாக்கெட். பக்கத்தில் வேர்க்கடலை வெண்ணெய், முழு பாட்டில். பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு அந்தப் பாலில் அந்த வெண்ணெயைப் போட்டு அடித்துக் கொடுத்ததைக் கொஞ்சம் முன்புதான் மூத்தவள் தன் கண்ணால் பார்த்தாள்.

"உன் பிள்ளைக்கு ஒண்ணு, எங்கப்பாவுக்கு ஒண்ணா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்!"

தம்பி மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டரை.

"என் வீட்டுல மூணு மாசம் இருந்தாரு. கெட்டிப் பால், ரெண்டு கரண்டி கடலை வெண்ணெய், அதுக்கு மேல பாலாடை. கரண்டியை நட்டு வெச்சா நிக்கும்! ஒரு நாள் குறை வெச்சிருப்பேனா?"

"அங்கே மாமா ஏதாவது வேணும்னு கேட்டாங்களா அண்ணி?"

"கேட்க விட்டாத்தானே! ஒரு தொந்தரவு கிடையாது. காலையில குடிச்சார்னா மத்தியானம் வரைக்கும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாரு."

பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அந்தப் பெருமை இல்லை.

அப்பா அப்படிப்பட்ட மனுஷரா? பஸ் டிப்போவில் வண்டி கிளம்பும் நேரம் குறிக்கிற வேலை அவருக்கு. ஓய்வு பெற்றதும் வீட்டையே டிப்போ ஆக்கிவிட்டார். பத்தரை ஆனால் போதும், காலி டம்ளரைக் கரண்டியால் தட்டுவார். டங், டங். "வண்டி கிளம்பணும், இன்னும் டீசல் போடலையா?" என்று குரல் வரும். "வயித்துக்குள்ள எத்தனை பஸ்ஸைத்தான் நிறுத்தி வெச்சிருக்கீங்க?" என்று திட்டிக்கொண்டே அம்மா தட்டோடு ஓடுவாள்.

அம்மா போய் ஐந்து மாதமாகிறது. அன்றோடு டம்ளரும் வாயை மூடிக்கொண்டது.

தன் வீட்டில் அப்பா இருந்த நாளெல்லாம், பத்தரை மணிக்கு மூத்தவள் மிக்ஸியை நிறுத்துவாள். குழாயை மூடுவாள். டிவியைக்கூட அணைத்துவிட்டு அவர் அறைப் பக்கம் காது கொடுத்து நிற்பாள். ஒரே ஒரு டங். அது போதும் அவளுக்கு. வந்ததே இல்லை.

இங்கேயும் அதே கதைதான். டம்ளரில் ஊற்றிக் கொடுத்த அந்தத் தண்ணீர்க் கரைசலை அப்பா மடமடவென்று குடித்தார். மகள் வந்திருக்கிறாளே என்று ஒரு வார்த்தை இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தம்பி மனைவி காலி டம்ளரைக் கட்டிலோரத்து ஸ்டூலிலேயே விட்டாள். ஒரு கரண்டியையும் அதற்குள் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"குடிச்ச டம்ளரை எடுத்துக் கழுவக்கூட உடம்பு வணங்கலையா உனக்கு?"

"அது அங்கேயே இருக்கட்டும் அண்ணி."

அதற்குமேல் மூத்தவளுக்குப் பொறுக்கவில்லை. வேலைக்குப் போயிருந்த தம்பிக்குப் போன் போட்டாள்.

"அப்பாவை இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்டா."

"என்னக்கா, இப்பத்தானே வந்தே?"

"வந்து பார்த்த அழகு போதும். அவரு வயித்துல ஈரத்துணி போட மாட்டேன் நான்."

குளித்துச் சாப்பிட்டு முடித்ததும், கூடத்து அலமாரியிலிருந்து அப்பாவின் சட்டைகளை எடுத்துப் பையில் திணித்தாள். தம்பி மனைவி தடுக்கவில்லை. முட்டையும் ரொட்டியும் வாட்டி, ஒரு தட்டில் மூடி வைத்துவிட்டு, மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை.

"சும்மா சும்மா மணியைப் பார்க்குறியே, நான் எப்ப கிளம்புவேன்னா?"

பதில் அறைக்குள்ளிருந்து வந்தது.

டங்.

மூத்தவள் கையில் சட்டை அப்படியே நின்றது.

டங், டங்.

"யாரு இருக்கா அங்கே?" குரல் கம்மியிருந்தது. "வண்டி கிளம்பணும்... இன்னும் டீசல் போடலையா?"

தம்பி மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே மூத்தவளும்.

அப்பா எழுந்து உட்கார்ந்திருந்தார். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டார். மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ என்னம்மா நிக்கிறே? நீயும் ஒரு வாய் சாப்பிடு."

தம்பி மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு மாசமா நானும் உங்களை மாதிரி பாலும் வெண்ணெயுமாத்தான் குடுத்தேன் அண்ணி. போன வாரம் ஆஸ்பத்திரியில சொன்னாங்க, கொழுப்பு சேர்ந்தா வயித்துல தங்கித் தங்கித்தான் இறங்குமாம், வெறும் தண்ணின்னா சீக்கிரம் இறங்கிடுமாம். வெண்ணெயை மத்தியானச் சாப்பாட்டுல போட்டுடறேன். நாலு நாளா ரொட்டி ஆறித்தான் போச்சு. இன்னிக்குத்தான்... பசிச்சாத்தானே அண்ணி, மாமா யாரையாவது கூப்பிடுவாரு?"

மூத்தவளின் கை பழக்கத்தில் காலி டம்ளரைக் கழுவ எடுத்தது.

வாசல் வரை போனவள் நின்றாள். திரும்பி வந்து, கரண்டியோடு அதை அப்பாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள்.