பிறந்தநாள் சாப்பாடு

மேம்பாலத்தடியில் தெருப் பிள்ளைகளுக்கான காப்பகம் ஒன்று. அதன் மதில்மேல் ஒரு காகமும் ஒரு பூனையும் இருந்தன. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் அங்கே வந்து சாப்பாடு போடுவார்கள். அன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று வாசல் போர்டில் எழுதியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருக்குப் பிறந்தநாள். மூன்று அண்டா பிரியாணி வந்தது. பிள்ளைகள் மூன்று தடவை ‘ஹேப்பி பர்த்டே’ பாடினார்கள். காகமும் பூனையும் தின்ற பிறகும் மிஞ்சியதைக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளைகள் காலித் தட்டோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சின்னவள் ரோஸ்லின் ‘ஹேப்பி பர்த்டே’யை முழுசாகப் பாடிப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

“என்னவாம் இன்னிக்கு?” என்று கேட்டது பூனை.

காகம் வாசல் போர்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

“இன்னிக்கு யாரும் பிறக்கலையாம்.”